இழுவை

இரண்டு கண்ணாடிக் குழாய்கள்.
ஒன்றில் உலகம்மை, வயது ஏழு, விக்கிரமசிங்கபுரம்.
பால்பல் விழுந்து மூன்று நாளாகிறது,
ஈறு இன்னும் கசிகிறது.
இன்னொன்றில் நான்.
ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ரத்தம் வேண்டும்.
ராத்திரி ஒன்றரை மணிக்கு
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி லேபில்
வேறு யாரைக் குத்த?

எண்ணிக்கை சரி.
தட்டணுக்கள் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்,
என்னைவிடப் பத்தாயிரம் கூடுதல்.
இருவருக்குமே உறைந்துவிட்டது,
குழாயைச் சாய்த்தாலும் சிந்தவில்லை.
உறைவது பாதி வேலை.

மீதியைக் கண்ணால் பார்க்க முடியாது.
ஃபைப்ரின் நூல் ஓடி ஓடிப் பின்னிக் கிடக்கும்,
கயிறு தொய்ந்த கட்டில் மாதிரி.
தட்டணுவுக்கு அப்போதுதான் விரல் முளைக்கும்.
நீட்டும், பிடிக்கும், தன் பக்கம் இழுக்கும்,
இழுத்ததை விடாமல்
அடுத்த விரலை நீட்டும்.
உட்கரு கிடையாது, பத்து நாள் ஆயுசு,
ஆனாலும் பிடித்தால் பிடித்ததுதான்.
ஆயிரம் சேர்ந்தால் ஒரு எள்ளைத் தூக்கலாம்,
அவ்வளவுதான் அதன் பலம்.
அந்தப் பலத்தில்தான்
காயத்தின் இரண்டு கரையும் கிட்டே வருகின்றன.
நடுவில் மாட்டிய சிவப்பணுக்கள்
வட்டமாக வந்தவை,
ஜங்ஷனிலிருந்து புறப்படும் காலை பஸ்ஸில்
தோளும் முழங்கையுமாக நெருங்கி
மூலை மூலையாகிப் போகும்.
தண்ணீர் வெளியேறும்.
கட்டி கல்லாகும்.

இரண்டே காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் ஐசியூவுக்கு மட்டும்.
வாட்டர் பாத்தின் சிவப்பு விளக்கு அணைந்ததும்
குழாய் இரண்டையும் எடுத்துத் துடைத்து
இடது அக்குளில் வைத்துக்கொண்டேன்.
முப்பத்தேழு பாகை வேண்டும்.
அரைப் பாகை குறைந்தால் குறையட்டும்.
வெளியே பொதிகைப் பக்கமிருந்து சாரல்.
கையை ஒட்டவைத்தபடி
கோழி முட்டையில் உட்கார்ந்த மாதிரி
ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.
எது என்னுடையது, எது அவளுடையது என்று
தோலுக்குத் தெரியவில்லை.

வாசலில் சங்கிலிபூதம், அவளுடைய அப்பா.
நூல் மில்லில் நைட் ஷிப்டை விட்டு வந்தவர்,
புருவத்தில் இன்னும் பஞ்சுத் தூசி.
"ரத்தம் கட்டுதா மேடம்?"
செல்போன் வெளிச்சத்தில் காட்டினேன்.
என் குழாயில்
கட்டி சுவரை விட்டு விலகிச்
சுண்டுவிரல் நுனியளவுக்கு ஒடுங்கி நின்றது,
சுற்றிலும் வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர்.
அவளுடையதில்
விளிம்பு வரை நிரம்பிய சிவப்பு,
ஜெல்லி மாதிரி, சுவரோடு ஒட்டி,
ஒரு சொட்டுக்கூடப் பிரியாமல்.
கட்டியிருக்கிறது, ஆனால் இறுகவில்லை என்றேன்.
தட்டணுவுக்கு நூலைப் பிடிக்கும் கொக்கி
பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம்,
பெரிய டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.
அவர் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து
ரொம்ப நேரம் பார்த்தார்.
"நூலு இருக்கு. டென்ஷன் இல்ல.
அதானே?
தளந்து கெடந்தா கோன்ல ஏறாதுல்லா."
நான் சொல்ல வைத்திருந்த வாக்கியம்
இதைவிட நீளம்.

நாலு மணிக்கு ரத்த வங்கியிலிருந்து ஒரு பை,
மோர் கலந்த மஞ்சள் நிறம்.
திசையன்விளைக் கல்லூரிப் பையன் கொடுத்ததாம்.
உறைந்துவிடாமல் இருக்க
தாலாட்டுகிற மெஷினில் கிடந்த பை.
சொட்டுச் சொட்டாக இறங்கியது,
யாருடையவோ விரல்கள் அத்தனையும்.

விடிந்தபின் மூன்றாவது குழாய்.
என்னுடையது அளவுக்கு இல்லை;
ஆனால் ஒரு ஓரத்தில்
நகக்கீறல் அகலத்துக்குக்
கட்டி சுவரை விட்டிருந்தது.
ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
இயல்பு, இயல்பல்ல என்று இரண்டே கட்டம்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
இழுக்கிறது.

கண் விழித்ததும் உலகம்மை கேட்டது பல்லை.
அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது,
பஸ் டிக்கெட்டில் மடித்து.
கூரையில் எறிய வேண்டுமாம்,
இல்லையென்றால் முளைக்காதாம்.
சங்கிலிபூதம் ஜன்னல் வழியே
அண்ணாந்து பார்த்தார்.
மூன்று மாடி.