வழக்கமாக வசிப்பவர்

வக்கீல் ஜெசிந்தா நாற்பது சொற்கள் கொடுத்தார்,
கட்சிக்காரருக்குப் புரிகிற தமிழில் வேண்டுமாம்.
அரண்மனைக்காரத் தெரு, இரண்டாம் மாடி.
மின்விசிறி தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.
இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு என் பிழைப்பு.
ஜாமீன், பாகப்பிரிவினை, செக் மோசடி,
எந்தச் சொல்லும் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை.

எதிரே பவளராணி.
ஜவுளிக்கடைப் பைக்குள் பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் முப்பத்தெட்டு வருடம்.
போரூர் பக்கம் நைட்டி கம்பெனியில் ஓவர்லாக் மிஷின்.
என்னிடம், "இன்னாக்கா, டீ சொல்லட்டா?"
போன் அடித்தால், "ஓம் அம்மா, சாப்பிட்டனான்."

முதல் சொல்லிலேயே தடுக்கிற்று:
நாடு கடத்தல்.
"கடத்தலா? தங்கம் கடத்துற மாதிரியா?"
அதே சொல்தான் என்றேன்.
தங்கத்தைக் கடத்தினால் போலீஸ் பிடிக்கும்,
ஆளைக் கடத்துவது போலீஸே.
சிரித்தாள்.
மேடம் சிரிக்கவில்லை.
"சட்டப்படி வெளியேற்றுதல்னு போடும்மா."

குடிமகன் என்று அடித்ததும் மறுபடி சிரிப்பு.
"எங்க தெருமுனை டாஸ்மாக் வாசல்ல பாருக்கா,
எத்தினி குடிமகன் வுழுந்து கெடக்கான்.
ஒருத்தன்கிட்டயாவது சான்று கேட்டிருப்பாங்களா?"

இயல்புரிமையில் இருவரும் நின்றுவிட்டோம்.
விண்ணப்பித்து, காத்திருந்து, உறுதிமொழி எடுத்து
அதன்பிறகு இயல்பாவது.
அதுவும் முறையாக வந்தவர்களுக்கு மட்டும்.
தோணியில் வந்த வயிற்றுக்குள் இருந்தவள்
எந்த முறையில் வந்தாள் என்று
விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.
"இப்ப நான் இயல்பா இல்லியாக்கா?"
பதிலுக்கு நான் ரிப்பனைச் சரிசெய்தேன்.

வழக்கமாக வசிப்பவர்.
இது சுலபம் என்று விறுவிறுவென அடித்தேன்:
தண்ணி லாரிக்கு விடியுமுன் குடம் வைப்பவர்.
வெள்ளத்தன்று கேஸ் சிலிண்டரைக் கட்டில்மேல் ஏற்றியவர்.
ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை சரியாக வைத்திருப்பவர்.
வாக்குப்பதிவு நாளில் கம்பெனி மூடியதால்
ஒருநாள் கூலியோடு வீட்டில் துணி துவைத்தவர்.
மேடம் அத்தனையையும் சிவப்பு மையால் அடித்தார்.

பிறப்பால் என்பதற்குள் ஒரு தேதி ஒளிந்திருக்கிறது.
எண்பத்தேழு, ஜூலை ஒன்று.
அதற்கு முன் இந்த மண்ணில் விழுந்த பிள்ளைக்கு
மண்ணே போதும்.
அன்றிலிருந்து, அம்மா யார், அப்பா யார்.

பவளராணி சான்றிதழை விரித்தாள்.
மடிப்பில் கிழிந்து, ஒட்டிய செலோடேப் பழுத்திருந்தது.
இடம்: எழும்பூர். ஆண்டு: எண்பத்தேழு.
நாள்: ஜூலை இரண்டு.

"அம்மாவுக்கு செவ்வாய்க்கிழமையே நோ துவங்கிட்டுதாம்."
சொல்லும்போது குரல் கடல் தாண்டியது.
ஜூன் முப்பது.
நேரமிருக்கு, நடம்மா என்றாளாம் நர்ஸ்.
சுவரைப் பிடித்துக்கொண்டு
வராந்தாவில் இரண்டு இரவு நடந்தாளாம்,
ஊர் தெரியாத ஊரில்,
பக்கத்து வார்டின் சினிமாப் பாட்டு ரேடியோ கேட்டபடி.
குழந்தை எப்போது வந்தது என்றுதான் பதிவேடு கேட்கும்.
எப்போது புறப்பட்டது என்று கேட்காது.

நாடற்றவரை அடிக்கையில் மின்சாரம் போயிற்று.
இருட்டில் போன் ஒளிர்ந்தது,
கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து அம்மா.
"அக்காட்ட குடுக்கட்டாம்," என்று நீட்டினாள்.

என்னென்ன எழுதினீர்கள் என்று அந்தக் குரல் கேட்டது.
சட்டம் எதுவும் வாயில் வரவில்லை.
மேடம் அடித்ததை நினைவிலிருந்து சொன்னேன்,
குடம், சிலிண்டர், சில்லறை, துவைத்த துணி.
ஒவ்வொன்றுக்கும், "ஓம்."
"ஓம் பிள்ளை."
"ஓம், அவள்தான்."

பிறகு மெதுவாக,
"செவ்வாய்க்கிழமை எண்டும் எழுதினியளோ?"

எழுதினேன் என்றேன்.
மின்சாரம் வந்தபோது
அதை எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் சேர்ப்பதென்று
இன்னும் தேடிக்கொண்டிருந்தேன்.