எட்டா, மூன்றா

செவ்வாய்க்கிழமை மீன்துறை ஆய்வாளர் வருகிறார்.
அதற்குள் எண் தெரிய வேண்டும்.

அக்கரையில் மூன்று மழைக்காலம் நின்று
படகு போய்விட்டது, பலகை பலகையாய்.
இஞ்சின் மட்டும் யாருடைய படகிலோ ஏறி
தங்கச்சிமடம் வந்து இறங்கியது,
கருவாட்டு நிறத்தில்.

கஸ்பார் உளியை எடுத்தார். நான் பிடுங்கினேன்.
தட்டினால் துருவோடு எண்ணும் உதிரும்.

வாளியில் கொள்ளுகிற சாமான்கள் வாளிக்குப் போயின:
நட்டு, போல்ட்டு, வால்வு மூடி,
பேர் தெரியாத ஒரு வளையம்.
பிரியாணிக் கடையில் கேட்டு வாங்கிய வினிகர் ஐந்து லிட்டர்.
அதன்மேல் ஒரு கை கல்லுப்பு.
"துருவுக்கு உப்பா? உப்பாலதானே இந்தக் கதி?"
வினிகரோடு சேர்ந்தால் உப்பு கட்சி மாறிவிடும் என்றேன்.
சங்கத் தேர்தலை நினைத்துச் சொன்னது.
அவர் சிரிக்கவில்லை.

பிளாக் வாளிக்குள் அடங்காது.
பழைய பனியனை நனைத்து
எண் இருக்கும் இடத்தில் ஒட்டினேன்,
காய்ச்சல்காரன் நெற்றியில் பற்றுப்போடுகிற மாதிரி.
காயாமலிருக்க மேலே ஐஸ் கம்பெனிப் பாலிதீன்.
ராத்திரி இரண்டு தரம் எழுந்து ஈரமாக்கினேன்.
வீடு முழுக்க ஊறுகாய் வாசம்.
வாளிக்குள்
சோற்றுப்பானை அடங்குகிற நேரத்துக் குமிழிகள்.

ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.
பல் தேய்க்கும் பிரஷ். கறுப்புச் சேறு.
மறுபடி துணி. மறுபடி பிரஷ்.
மத்தியானம் ஒரு நாலு தெரிந்தது. பிறகு ஒன்று.
பிறகு இன்னொரு நாலு.
ஐந்து எண்கள் புத்தகத்தில் உள்ளபடியே வந்தன.
ஆறாவது வந்தபோது
கஸ்பார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

புத்தகத்தில் எட்டு.
இரும்பில் மூன்று.

இடப்பக்கத்தைத் துரு தின்றிருக்கும் என்றார்.
இருக்கலாம்.
இன்னொரு ராத்திரி ஊறினால் எட்டு வரலாம்.
இன்னொரு ராத்திரி ஊறினால் மூன்றும் போகலாம்.
துரு தீர்ந்தபின் வினிகர் சும்மா இருக்காது,
நல்ல இரும்பில் கை வைக்கும்.
எப்போது எடுப்பது என்று
எந்தப் பாட்டிலிலும் எழுதியிருப்பதில்லை.

நகத்தால் தடவிப் பார்த்தேன்.
தின்ற இடம் சொரசொரப்பாக இருக்கும்.
மூன்றின் இடப்பக்கம் வழுவழுப்பு.
இதை உடனே அவரிடம் சொல்லவில்லை.

வாசலைப் பார்த்தபடி அவர்தான் சொன்னார்:
"உளியால ரெண்டு வளைவு. அவ்வளவுதான்."

அதே ராத்திரி பிடிபட்டது ரெமிஜியுஸ் படகும்.
ஒரே கடை, ஒரே நாள், ஒரே வட்டிக்காரர்,
அடுத்தடுத்து இறக்கிய இஞ்சின்கள்.
உங்களுடையது கடலோடு போயிற்று என்று
அவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.
அவர் இப்போது திருப்பூரில் பனியன் மடிக்கிறார்.
சலேத்து ஞாயிறும் நண்டுக் கம்பெனியில் நிற்கிறாள்,
கணுக்கால் வரை ஐஸ் தண்ணீர்.

ஆப்பச்சோடா கரைத்து ஊற்றினேன். நுரைத்து அடங்கியது.
கிணற்றுத் தண்ணீர் ஆகாது, அதில் கடல் இருக்கிறது.
விலைக்கு வாங்கிய குடிதண்ணீர் ஒரு குடம் முழுக்க
இரும்புக்கு ஊற்றினேன்.
கஸ்பார் ஒன்றும் பேசாமல் துணியால் ஒற்றினார்.
உளி எங்கே என்று இருவரும் பார்க்கவில்லை.

காலண்டர் தாளைக் கிழித்து எண்மேல் வைத்து
பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன்.
கறுப்புக்குள்ளிருந்து ஆறும் வெள்ளையாய் எழுந்தன.

கழுவிய இரும்பு இந்தக் காற்றில் அரைமணி நேரம் தாங்காது,
பார்க்கப் பார்க்க மஞ்சள் பூக்கும்.
தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவினேன்,
மூன்றின் வளைவுக்குள் விரல்நுனி போகிற மட்டும்.
யாருடையதாக இருந்தாலும்
துரு ஏறக் கூடாது.

தாளை நாலாய் மடித்தேன்.
நண்டுக் கம்பெனி எட்டு மணிக்குத்தான் விடும்.
"எண்ணெய்க் கையோடவா போற?" என்றார்.
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.