முதல் நாலு நிமிஷம்

படம் தொடங்கும்போது படம் இருக்காது.
பதினொரு விநாடி கறுப்பு.
கறுப்புக்குள் ஒரு மின்விசிறி சுற்றும்,
மூன்று சுற்றுக்கு ஒருமுறை
ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொள்கிற மாதிரி
ஒரு டக்.

சாலிகிராமத்தில் மாவு மில்லுக்கு மேல்மாடி,
ஜன்னல் இல்லாத அறை. நான் ஒலி கோர்ப்பவள்.
ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே கதவை
ஒன்பதாவது முறை திறந்துகொண்டிருப்பேன்.
இயக்குநர் ஹாரூனுக்கு
அலறவிட்டுப் பயமுறுத்துவது பிடிக்காது.
"முதல்லயே சொல்லிடணும்க்கா.
ஆனா சொன்னது தெரியக் கூடாது."

பிறகு வெளிச்சம்.
பெரம்பூர்ப் பக்கம் பழைய குடியிருப்பு, நீள நடை.
ஏழு வாசல். ஆறில் கோலம்.
ஏழாவதில் கேமரா நிற்காது,
நின்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.
கீரைக்காரியின் முதுகைத் தொடர்வதுபோல் தாண்டிப் போகும்.
சட்டகத்திலிருந்து நிறத்தை வடித்தாயிற்று,
கொடியில் காயும் சேலைகூடச் சாம்பல்.
குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி மட்டும் சிவப்பு.
பாண்டிக் கட்டத்தில் ஒரு சிறுமி எண்ணிக் குதிக்கிறாள்:
ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு.
லிஃப்டின் பெண்குரல் கதவைச் சாத்தச் சொல்கிறது,
சாத்திய பிறகும்.

இதற்கெல்லாம் அடியில் நான் ஒன்று வைத்தேன்.
காதுக்கு எட்டாத ஆழத்தில் ஓர் உறுமல்,
நூறடிச் சாலையில் மெட்ரோ போகையில்
மேசைமேல் டம்ளர் தண்ணீர் மட்டும்
அறிந்துகொள்ளுமே, அதுபோல.
பார்ப்பவருக்குக் கேட்காது.
வயிறு கேட்டுக்கொள்ளும்.

மின்விசிறி, சம்மனசு அண்ணன் வீட்டுடையது.
முப்பது வருஷமாய் அடுத்தவர் நடையை நடப்பவர்.
முறியும் கழுத்துக்கு முருங்கைக்காய்,
சொட்டும் ரத்தத்துக்கு ஊறிய புளி.
எங்களிடம் இருந்த விசிறிச் சத்தமெல்லாம்
நல்ல ஆரோக்கியமாய் இருந்தன.
"எங்க வீட்டுது கொஞ்சம் சீக்கு, பிடிச்சிட்டு வர்றேன்"
என்று வியாசர்பாடிக்குப் போய்ப் பதிந்து வந்தார்.

ஹெட்ஃபோனில் கேட்டேன்.
ஏழாவது விநாடியில் விசிறிக்குப் பின்னால்
வேறோர் அறையில் இருமல்.
இரண்டு முறை, வறண்டு.
இரண்டாவது சின்னது;
கையால் வாயைப் பொத்திக்கொண்டது தெரிந்தது.
இரைச்சல் என்று குறித்து வெட்டப் போனேன்.
"இருக்கட்டும்" என்றான் ஹாரூன்.
"வீட்டுல யாரோ இருக்காங்கன்னு
படத்துக்கு முன்னாலயே தெரியணும்."
அண்ணன் சிரித்தார்.
"எங்க வீட்டுக்காரம்மா, ரோஸ்லின். பேர் போடுவீங்களா?"

போடவில்லை.

டிசம்பர் மழையில் மில்லுக்குள் தண்ணீர் ஏறி
வேலை நின்றது.
ஜனவரியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி.
பிப்ரவரியில் காசிமேட்டுக் கல்லறை.
ஈர மண்ணில் நடக்கும் சத்தத்துக்கு
அவர் எப்போதும் தவிடும் கோணியும் வைத்துக்கொள்வார்.
அன்று அது அப்படிக் கேட்கவே இல்லை.

ஏப்ரலில் படம் வந்தது.
அசோக் பில்லர் பக்கத்துத் தியேட்டரில்
டிக்கெட் கிழிக்கிற பையன் சொன்னான்:
"ஒரு பெருசு, டெய்லி மேட்னிக்கு வருதுக்கா.
இருட்டானதும் கண்ண மூடிக்கும்.
டைட்டில் போடறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிடும்.
இவ்ளோ பயந்தா எதுக்கு வரணும்?"

அசல் பதிவு என்னிடம் இருக்கிறது, வெட்டாதது.
நாற்பத்தொரு விநாடி. படத்துக்கு எடுத்தது பதினொன்று.
மிச்சத்தில் இருமல் இல்லை.
ரப்பர் செருப்பு நெருங்கி வருகிறது,
கதவோரம் நின்று அவள் கேட்கிறாள்:
"எதைப் பிடிக்கிறீங்க, வெறும் காத்தையா?"
அவர் உஷ் என்கிறார்.
அப்புறம் விசிறி மட்டும். டக்.

பென் டிரைவில் ஏற்றி மூன்று வாரம் ஆகிறது.
கைப்பையில், நடக்கும்போதெல்லாம்
சில்லறையோடு குலுங்குகிறது.