4417 தவிர

பாயான் லெப்பாஸ், ஏழாம் மாடி, விடியற்காலை மூன்று பத்து.
கண்ணாடிக்கு அப்பால் பாலத்தின் விளக்குகள்
ஒன்றுகூட அணையவில்லை.
கேள்வி கேட்பதுதான் என் வேலை.
கட்டத்துக்குள் எழுதுகிறேன்:
எந்த ஊர், எதிலிருந்து, எதுவரை,
எத்தனை பெட்டிகள் பதில் சொல்லவில்லை.

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய வெள்ளைப் பெட்டிகள்.
விருப்பப்பட்டவர்கள் வாங்கிப்போய்
மோடத்தின் பக்கத்தில் செருகியிருக்கிறார்கள்.
நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும்
இருக்கிறேன் என்கிறது.
வேறொன்றும் சொல்லத் தெரியாது அதற்கு.

ஜெலுத்தோங்கில் மண் தோண்டும் எந்திரம்
கேபிளைக் கடித்த இரவு
நாற்பத்தொரு பெட்டிகள் ஒன்றாய் வாயை மூடின.
வரைகோடு கயிறறுந்த வாளியாய் இறங்கியது.
ஃபிர்டாவுஸ் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டான்.
அதெல்லாம் நல்ல இரவு.
காட்ட ஒரு பள்ளம் இருந்தது.

பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு.
சேர்ந்த முதல் வாரம் இரண்டையும் ஒன்றாகக் கூட்டி
கூலிம் நகரையே வரைபடத்திலிருந்து அழித்தவள் நான்.
பூஜ்யம் என்றால் கேட்டோம்,
ஒருவரும் இல்லை என்று தெரிந்துகொண்டோம்.
வெற்றிடம் என்றால்
கேட்டோமா என்பதே தெரியாது.

4417, பட்டர்வொர்த், பாகான் டாலாம் அடுக்குமாடி.
இரவு பதினொன்று நாற்பதுக்குப் போகும்.
காலை ஆறு பத்துக்கு வரும்,
ஞாயிற்றுக்கிழமையும் ஆறு பத்து.
யாரோ படுக்குமுன் சுவிட்சை அணைக்கிறார்,
மின்கட்டணத்துக்குப் பயந்தோ
இடிக்குப் பயந்தோ.
இரவுதோறும் எச்சரிக்கை மணி.
இரவுதோறும் ஃபிர்டாவுஸின் வசவு.
பிப்ரவரியில் ஒரு நாள்
கேள்வியின் கடைசி வரியாக எழுதினேன்:
4417 தவிர.
மணி நின்றது.
தே ஓவை ஆறுவதற்குள் குடிக்க முடிந்தது.

மே மாதம் தணிக்கை.
விலக்குகளை எல்லாம் நீக்கி ஓட்டச் சொன்னார்கள்.
4417-க்கு எதிரே பத்தொன்பது நாள்
வெற்றிடம்.

பதிவிலிருந்த தொலைபேசி எண் புழக்கத்தில் இல்லை.
ஷிஃப்ட் முடிந்து மோட்டாரை ஃபெரியில் ஏற்றினேன்.
யாரும் போகச் சொல்லவில்லை.
நடுக்கடலில் என் கைபேசியில் இரண்டு கோடு,
ஒரு கோடு,
மறுபடி இரண்டு.

மிஸ்டர் ஊய் மரக்கதவைத் திறந்தார்.
இரும்புக் கதவு பூட்டியே இருந்தது.
கம்பிகளுக்கிடையே அட்டையை நீட்டினேன்.
நான் மலாயில் கேட்டேன், அவரும் மலாயில் சொன்னார்,
இருவருக்கும் பாதிதான் வரும்.
பெட்டியா, ரோசாக் இல்லை, நான்தான் கழற்றினேன்.
அந்த அறையில் ஒரே பிளக்.
அதில் இப்போது மூச்சு விடும் எந்திரம்,
பழைய ஃபிரிட்ஜ் போல் உறுமிக்கொண்டு.
கட்டிலில் அவர் மனைவி, மூக்கில் குழாய்.
கண் திறந்து என்னைப் பார்த்தார்,
மூடிக்கொண்டார்.

முன்பு ஏன் ராத்திரியில் அணைத்தீர்கள் என்றேன்.
உன் பெட்டியின் பச்சை விளக்கு
அவள் கண்ணில் மினுக்கும், தூங்க மாட்டாள்.
இப்போது அணைக்க முடியாது, என்றார்,
என்னிடம் மன்னிப்புக் கேட்பவர்போல.
சீனப் பத்திரிகைத் தாளில் சுற்றி
கம்பி வழியே பெட்டியைத் தந்தார்.

திங்கள் இரவு. 4417-ஐ மூட வேண்டும்.
காரணம் கேட்கிறது கருவி:
கேபிள் துண்டிப்பு. மின்தடை. பராமரிப்பு.
பயனர் விலகினார். தெரியவில்லை.
அம்பு நுனியை மேலும் கீழும் இழுத்தேன்.
கடைசியில் மூடாமலே விட்டேன்,
'தவிர' என்ற வரியை மட்டும் அழித்துவிட்டு.
மணி மறுபடி அடிக்கிறது.
ஃபிர்டாவுஸ் திட்டுகிறான்.

பெட்டி என் இழுப்பறையில், தாளைக்கூடப் பிரிக்கவில்லை.
மேசைக்கடியில் ஒரு பிளக் காலியாக இருக்கிறது.
செருகினால் போதும்,
பாகான் டாலாமில் பச்சைப் புள்ளி எரியும்,
கருவி நம்பிவிடும்.
மூன்று பதினான்கு.
காலால் தடவிப் பார்த்தேன், பிளக் அங்கேதான் இருக்கிறது.