அரை மாத்திரை

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது
உட்லண்ட்ஸ் பேருந்து முனையத்தில்
இரண்டு நடைகளுக்கு நடுவே
மைலோ குடித்துக்கொண்டிருந்தேன்.
"யுகன் விஷயமாக" என்றார்கள்.
என் பிள்ளையை எவனோ அடித்துவிட்டான்
என்றுதான் வயிறு சொன்னது.
வழியெல்லாம் ஆத்திரத்தை ஒத்திகை பார்த்தேன்.
சீருடை மாற்றக்கூட நேரமில்லை.

அறையில் ஒரு மடிக்கணினி.
காணொளி, ஒரு நிமிடம் பதினொரு விநாடி.
பிரகதீஷ் எழுந்து வாசிக்கிறான்,
போன டிசம்பரில் மன்னார்குடியிலிருந்து வந்த பையன்.
"புக்கு" என்கிறான். "டெஸ்கு" என்கிறான்.
பின்வரிசை ஒவ்வொரு சொல்லின் வாலையும்
பிடித்து இழுக்கிறது.
கு சு டு து பு று,
தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்த ஆறெழுத்து.
முதல் இரண்டை மட்டும் பிரித்தெடுத்து
அவனுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.
யாரோ மேசையைத் தட்டுகிறார்கள்.
நடத்துவது என் மகன்.

"மூன்று வாரமாக அந்தப் பையன் பேசவில்லை.
பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறான்"
என்றார் மிஸ் நூருல் ஐன்.
"விளையாட்டுக்குத்தான்" என்றான் யுகன்,
தன் காலணியிடம்.

நான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
பிரகதீஷ் இப்படி இழுப்பதில்லை,
அவன் உகரம் பட்டென்று நின்றுவிடுகிறது.
இந்த இழுப்பு எனக்குத் தெரியும்.
"அப்பரு டெக்கு சீட்டு காட், கோ அப்பு பிளீஸு!"
சோற்றுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து
வீட்டில் என்னைப் போலப் பேசிக்காட்டுவான்.
அவன் அப்பாவுக்குப் புரையேறும்.
நானும்தான் சிரித்தேன்.
சில நாள் நானே கேட்டிருக்கிறேன்,
"இன்னொரு தடவை செய்யுடா."

குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை,
பட்டுக்கோட்டையில் எட்டாம் வகுப்பில் படித்தேன்.
கண்ணிமைக்கும் பொழுதில் பாதி.
அந்த இடத்துக்குள்
எத்தனை பேர் உட்கார்ந்து சிரிக்க முடிகிறது.

மன்னிப்புக் கடிதம் எழுதினான், இரண்டு பக்கம்.
பிரகதீஷ் வாங்கிக்கொள்ளவில்லை.
"வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை" என்றார் மிஸ்.
எனக்கு அது பிடித்திருந்தது.
புதன்தோறும் ஆலோசகர்.
சிரித்தவர்களையும்
சிரிக்காமல் படம் பிடித்தவளையும்
ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்களாம்.

அன்றிரவு ஒன்றுதான் கேட்டேன்:
"எங்கே, என் முகத்தைப் பார்த்துச் செய்."
வாயைத் திறந்தான்.
குளிர்சாதனப் பெட்டி உறுமி, நின்றது.
அவனால் முடியவில்லை.
முடிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு சின்னத் திரை உண்டு,
மாடியில் நடப்பதைக் காட்டும்.
இத்தனை வருஷம் அதில்
பறக்கும் பைகளைப் பார்த்திருக்கிறேன்,
கழற்றப்படும் கண்ணாடிகளை,
ஒரு பிள்ளை குனிந்து குனிந்து பொறுக்குவதை.
சத்தம் வராத திரை.
அடுத்த நிறுத்தம் வரும். நேரப் பட்டியல் இருக்கிறது.
ஓட்டிக்கொண்டு போவேன்.

வெள்ளிக்கிழமை மதியம், அட்மிரல்ட்டி தாண்டி,
ஒரு சின்னப் பெண்ணின் பை
கைமாறிக் கைமாறிக் கடைசி இருக்கைக்குப் போனது.
வேறு பள்ளி, வேறு சீருடை.
நிறுத்தத்தில் ஒதுக்கி எஞ்சினை அணைத்தேன்.
மைக்கை எடுத்தேன்.
"அப்பரு டெக்கு, கிவ் பேக்கு தி பேகு."
எதையும் விழுங்கவில்லை.
மேலே யாரோ திருப்பிச் சொன்னார்கள்,
சிரிப்பு படியிறங்கி வந்தது.
"நோ பேகு, நோ பஸ்ஸு."
முன்னிருக்கைக்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டி முறைத்தார்.
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பை ஒவ்வொரு கையாகத் திரும்பி வந்தது.
அவள் அதை மடியில் வைத்து
ஜிப்பை இழுத்து மூடினாள்.

நான்கு நிமிடத் தாமதம்.
காரணம் கேட்ட கட்டத்தில்
'மாடியில் வேலை' என்று எழுதினேன்.