அடிப்பக்கம் மூடவில்லை

நீரோடியில் மணல் தீர்ந்த வருசத்திலிருந்து
எங்கள் வள்ளம் ரோட்டோரம்தான் படுக்கிறது.
முன்னால் கருங்கல் அடுக்கு, பின்னால் பொழியூர் பஸ்.
நடுவில் இரண்டு சக்கரமும் கொக்கியுமாய் டிரெய்லர்.
அதன்மேல் இரண்டே பலகை.
இருபத்தெட்டு அடி ஃபைபரும்
வங்கிக் கடன் இரண்டும்
அந்தப் பலகைகளின் மேல்.

இடது பலகையில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றினேன்.
புட்டில் இறங்குவதுபோல் இறங்கியது.

ஜெர்வாஸ் கொச்சிப் போட்டில் தங்கலுக்குப் போயிருந்தான்.
வர ஒன்பது நாள்.
"நான் வந்து பாத்துக்கிடுதேன், நீ கை வைக்காத"
என்றான் போனில்.
வைத்தேன்.

உச்சக்கடை மில்லில் சுகுணன் பிளைவுட்டைக் காட்டினார்.
உப்புத் தண்ணீரில் அது
நனைந்த ஜெபப்புத்தகம்போல் ஏடு ஏடாய் விரியும்.
அயனி கேட்டேன்.
அயனி இல்லை, ஆஞ்சிலி உண்டு என்றார்,
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
எந்தப் பேரில் அறுத்தாலும் உள்ளே ஒரே மஞ்சள்.
ஒன்பதடியில் இரண்டு.
ஆட்டோவின் இருபக்கமும் நீட்டிக்கொண்டு
செக்போஸ்ட்டைக் கடந்தோம், மரமும் நானும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது.
ஒன்று சுமக்கட்டும், ஒன்று போகட்டும்.
வள்ளத்தின் வயிற்றுக்கும் ஜாக்கிக்கும் இடையே
பழைய டயர் ஒன்றைத் திணித்தேன்.
மச்சினி செலின் கைப்பிடியை அழுத்தினாள்.
ஒரு விரல் உயர்ந்தது.
போல்ட்டுகள் துருவோடு தாலி கட்டியிருந்தன.
ஆக்சா பிளேடு மூன்று ஒடிந்தது.
நாலாவது அறுத்தது.

பழைய விரிப்பை உரித்தபோது
நண்டு ஓடு, மணல், செத்த பூரான்,
பிறகு ஒரு எண்ணெய்க் கவர்.
அதற்குள் பதினோரு லாட்டரிச் சீட்டு.
எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கி
இந்தப் பக்கம் ஒளித்தது.
தவசுகாலத்தில் குருசடி முன்னால் நின்று
"இனிமே தொடமாட்டேன்" என்ற அதே கை.
சீட்டுக்கு ஐம்பது என்றால் ஐநூற்றைம்பது;
என் மனம்தான் முதலில் பெருக்கியது,
கோபம் அப்புறம்தான் வந்தது.
ஒன்று மட்டும் கவருக்கு வெளியே நழுவி
மரத்தில் தன் எண்ணைப் பதித்திருந்தது,
கண்ணாடியில் வாசிப்பதுபோல் தலைமாறி.

"மைனி, விழுந்திருக்குமோ? நம்பர் பாப்பமா?"
"ஜாக்கியைப் பிடி பிள்ளே."

பள்ளிக் கல்யாணத்தில் விரித்த சிவப்புக் கார்ப்பெட்
மிச்சம் கிடக்கிறது, சும்மா தருகிறேன் என்றார் கணக்கர்.
வேண்டாம் என்றேன்.
சிவப்பு நனைந்தால் வெள்ளை வயிற்றில் ஒட்டும்.
ஊர் விசாரிக்கும்.
களியக்காவிளையில் சாம்பல் நிறத்தில் வாங்கினேன்,
காரின் காலடியில் போடுகிற முரட்டு ரகம்.
போல்ட்டின் தலையை மரத்துக்குள் புதைத்து,
மேலும் பக்கமும் இழுத்துப் போர்த்தி,
விளிம்பில் துருப்பிடிக்காத ஆணி.
அடிப்பக்கம் மூடவில்லை.
முழுதும் பொதிந்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும்,
மரம் மறுபடி புட்டாகும்.

இடது பலகையின் பின்மூலையில்
ஒரு சாண் ஆணி அடிக்காமல் விட்டேன்.

ஒன்பதாம் நாள் வந்தவன்
தேங்காப்பட்டணத்துக்கு வண்டி கட்டினான்.
வளைவில் எப்போதும் கீச்சிடும் வள்ளம்
வாய் திறக்கவில்லை.
"என்னட்டீ சத்தமே இல்ல?" என்றான்.
நான் மீன்பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி டார்ச் வெளிச்சம் ஜன்னலைத் தாண்டிப் போனது.
டிரெய்லர் பக்கம் நின்றது.
கொஞ்ச நேரம் கடல்தான் கேட்டது.
பிறகு அவன் குரல், எழுத்துக் கூட்டுவதுபோல்:
"ஆஞ்சிலி ரெண்டு... போல்ட்டு பன்னிரண்டு...
ஆட்டோ... பிளேடு நாலு..."

கூட்டுத்தொகைக்கு வந்ததும்
டார்ச் அணைந்தது.
அதன் கீழே நான் எழுதியிருந்ததை
இருட்டில் வாசித்தானா, தெரியாது:
கழிக்க வேண்டியது ஐநூற்றைம்பது.