பாதி வரிசை

ரயில்வே கேட்டை ஒட்டிய மண் இது.
மண் என்பது மரியாதைக்குச் சொல்வது:
ஜல்லி, நிலக்கரிச் சாம்பல், கிஷ்குன் சமவெளியின் மணல்.
தக்காளி இதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.
சால்வியாவுக்கோ இதுதான் விருந்து.

பன்னிரண்டு தூறுகள், கம்பிவேலி நெடுக.
எரு விட்டால் கொழுத்து, நடுவில் பிளந்து
நாலாபுறமும் சாய்ந்துவிடும்.
தண்ணீர் தேங்கினால் குளிர்காலத்தில் வேரழுகும்.
காய்ந்த தண்டுகளை மார்ச் வரை விட்டுவைப்பேன்,
உறைபனி அவற்றின் மேல்
உட்கார்ந்து எழுந்து போகட்டும் என்று.
பிறகு தரையோடு வெட்டினால்
சுருக்கம் விழுந்த சாம்பல்பச்சை இலைகள்
காதுகள்போலக் கிளம்பி வரும்.
நத்தைகளுக்கும் அது தெரியும்.
இரவு பத்து மணிக்கு டார்ச்சுடன் நான் குந்தியிருப்பதைப் பார்த்து
எஞ்சின் டிரைவர்கள் ஹாரன் அடிப்பதுண்டு.

மே கடைசியில் ஊதா.
நாற்சதுரத் தண்டில் அடுக்கடுக்காய்,
கீழிருந்து மேலே திறந்துகொண்டே போகும்.
பக்கத்துத் தோட்டத்து வெண்டெல், முப்பது தேன்பெட்டிக்காரர்,
முழங்காலிட்டு எனக்குக் காட்டினார்:
தேனீ தலையை நுழைத்ததும்
பூவுக்குள் ஒரு நெம்புகோல் அசைகிறது,
மகரந்தத் தாள் இறங்கி அதன் முதுகில் தட்டுகிறது,
வெளியே வந்ததும் மேலே போய்விடுகிறது.
“உன் கேட் மாதிரி” என்றார்.
“என் கேட் யாரையும் முதுகில் தட்டுவதில்லை” என்றேன்.

ஜூன் இருபதில் கத்தரியை எடுத்தேன்.
நுனியில் நாலைந்து பூ மிச்சமிருக்கும்போதே
அடி இலைகள் மட்டும் நிற்க வெட்டிவிட வேண்டும்.
மனசு வராது.
மனசு வராத அந்த வாரம்தான் சரியான வாரம்.
ஏழு வாரத்தில் மறுபடி பூக்கும்,
ஆகஸ்ட் பத்து வாக்கில்.
ஆகஸ்ட் பத்துக்குத்தான் கெர்கேய்க்கு லீவு.
லின்ஸ் நகரில் கூரை போடுகிறான்.
கல்யாணமான நாலு வருஷத்தில்
ஒருமுறைகூட இந்த ஊதாவை அவன் நேரில் பார்த்ததில்லை.

வேலிக்கு அப்பால் வெண்டெல் தொப்பியைக் கழற்றினார்.
அகாசியா முடிந்துவிட்டது,
சூரியகாந்திக்கு இன்னும் மூன்று வாரம்.
“இடையில் இவை எதைத் தின்னும்?”
லீவைப் பற்றி அவரிடம் சொல்ல வெட்கமாயிருந்தது.
ஆறு தூறுகளை வெட்டினேன். ஆறை விட்டேன்.
தெற்குப் பக்கம் மொட்டை, வடக்குப் பக்கம் கச்சேரி.
ஜூலை நடுவில், சூரியகாந்தி முகம் காட்டிய அன்று,
அவரே வந்து மீதியை வெட்டிக்கொடுத்தார்,
ஒவ்வொரு தண்டிடமும் ஏதோ முணுமுணுத்தபடி.

ஆகஸ்ட் எட்டில் தெற்குப் பக்கம் பூத்தது,
சொன்ன சொல் தவறாமல்.
ஒன்பதில் போன்.
மழைக்கு முன் பள்ளிக்கூடக் கூரையை முடித்தாக வேண்டுமாம்.
நான் “சரி” சொல்லி முடிப்பதற்குள்
கடந்துபோனது
நாற்பத்திரண்டு பெட்டிச் சரக்கு வண்டி.

செப்டம்பர் ஆறாம் தேதி வந்தான், இரண்டே நாளுக்கு.
தெற்கில் காய்ந்த கதிர்கள்.
வடக்கில் மட்டும்
குட்டைத் தண்டுகளில் அரைமனசு ஊதா,
வேறு வேலையில்லாத மூன்று தேனீக்கள்.
“புதுசா நட்டியா?”
“இல்லை, அது வெண்டெலுடைய பங்கு.”
அவனுக்குப் புரியவில்லை.
தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினான்:
இருபது கிலோ எரு, விலை கூடியது,
இரண்டு ரயில் மாறித் தூக்கி வந்தது.

ரொம்ப நல்ல எரு என்றேன்.
திங்களன்று அவன் வண்டிக்கு நானே கேட்டை இறக்கி,
நானே ஏற்றிவிட்டு,
மூட்டையை அடுத்த வருஷத் தக்காளிக்கென்று
கொட்டகைக்கு இழுத்துப் போனேன்.
அப்போதுதான் பார்த்தேன்,
அதன் மேல் அச்சிட்டிருந்தது
ஒரு சால்வியாவின் படம்.